பிளேன்டீ குடிக்காமல் இறங்கிய கார்

நான் கொழுந்து லொறியில் பிறந்தவள். இதைப் பெருமையாகவும் சொல்வதில்லை, வேடிக்கையாகவும் சொல்வதில்லை. அம்மாவுக்கு வலி எடுத்தபோது தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரே வண்டி அந்த லொறிதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அதை ஃபெக்டரியில் நிறுத்தினார்கள். ஏற்றியிருந்த கொழுந்தை முதலில் இறக்க வேண்டும், தாமதித்தால் கொழுந்து கெட்டுவிடும் என்றார்களாம். சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி எடை போட்டு முடிக்கும்வரை நான் பொறுக்கவில்லை. மிச்சச் சாக்குகளுக்கு நடுவில், லொறிப் பலகையிலேயே பிறந்துவிட்டேன். சின்ன வயதில் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் என்னை ‘லொறி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் மீது கல்லெடுத்து எறிவேன். அந்தக் கோபம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என் தங்கச்சி கர்ப்பமானாள். அவள் அதே தோட்டத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம், கொழுந்து எடுக்கிறாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாதை மட்டும் நான் பிறந்த காலத்தைவிடக் கேவலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் தார் ரோடு முடிகிற இடம்வரை வரும். அதற்கு மேல் வர வழியில்லை. ஆட்டோ ஏறும், ஆனால் மாதம் நிறைந்தவளை அந்தப் பள்ளங்களில் ஆட்டோவில் வைத்து இறக்கினால் வழியிலேயே பெற்றுவிடுவாள். தோட்டத்துத் துரைமார் மாறினார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாராவது பெரிய ஆள் வருகிற வாரத்தில் மட்டும் பாதையில் கொஞ்சம் சல்லி கொட்டுவார்கள். அடுத்த மழையில் அதுவும் கான் வாய்க்காலோடு போய்விடும். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“அக்கா, என்னைய அந்த லொறியில மட்டும் ஏத்த விட்றாதக்கா,” என்றாள் தங்கச்சி. மீன் ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஏத்த விட மாட்டேன். நானே காருல கொண்டு போறேன்,” என்றேன்.

சொல்லும்போது என்னிடம் கார் கிடையாது. லைசன்ஸ் மட்டும் இருந்தது.

வெளிநாட்டு வாகனம் இறக்குவதை நாடு நிறுத்தி வைத்திருந்த காலம் அது. ஓட்டை ஆட்டோவுக்குக்கூட வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். கடைசியில் கினிகத்தேனையில் ஒரு கடை முதலாளியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் அகப்பட்டது. அதன் பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “கார் எக்க ஹொந்தய், மிஸ்,” என்றார் முதலாளி. நல்ல கார்தான் என்று சிங்களத்தில் சொல்கிறார். கோழியை விரட்டிக்கொண்டே சொன்னார். அவ்வளவு நல்ல காரை ஏன் கோழிக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. வேறு வழி இல்லாததால் அடக்கிக்கொண்டேன்.

காரைத் திருத்துகிற வேலை, பக்கத்து லயத்தில் இருக்கிற என் கணவரின் அண்ணன் தலையில் விழுந்தது. அவர் ஹட்டனில் ஒரு கராஜில் பாஸ், மெக்கானிக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கைவேலை சுத்தமான மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எனக்கு மூத்தார் முறை. எங்கள் குடும்பத்தில் மூத்தாரும் தம்பி மனைவியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒரே பாயில் உட்காருவதில்லை. பஸ்ஸில்கூட பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார மாட்டார்கள். நான் இந்த முறையையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டேன். தேவைப்பட்டால் நேரே ‘மாமா’ என்று கூப்பிட்டுப் பேசுவேன். அவர் விடவில்லை. நான் எதிரில் நிற்கும்போதே என் கணவரைப் பார்த்து, “அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லு தம்பி,” என்று தொடங்குவார். என் கணவரும் திரும்பி, நான் கேட்டதையே எனக்கு மறுபடி சொல்வார். இரண்டு பேர் மீதும் ஒரே நேரத்தில் ஆத்திரம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. இஞ்சினை இறக்கி ஏற்றினார். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு ஒட்டினார். பிறகு பிரேக் குழாய்க்கு வந்தார். டிரைவரின் காலடியில் இருந்து பின் சக்கரத்துக்குப் பிரேக் ஒயில் போகிற மெல்லிய குழாய் அது. பழைய குழாய் வலது பக்கத்துச் சட்டத்தின் அடியோரமாகப் போனது. கோழி எச்சமும் துருவும் சேர்ந்து அதை அரித்திருந்தன. புதுச் செப்புக் குழாயை அவர் அதே இடத்தில் போடவில்லை.

“தம்பி, இந்தத் தோட்டத்து ரோட்டுல நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் பள்ளம். மேட்டுல கல்லு நட்டுக்கிட்டு நிக்குது. அடியில குழாய் போட்டா ஒரே மாசத்துல வெட்டிப்புடும். அதான் இடது பக்கம் மேல ஏத்தி, சைலன்சர் குழாய் போற குழிக்குள்ள கட்டிட்டேன். அங்க எந்தக் கல்லும் எட்டாது. இந்தப் பக்கத்து வண்டி எல்லாத்துக்கும் நான் அப்படித்தான் போடுறது. அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லு.”

கணவர் சொன்னார். கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இந்தப் பாதையில் கல்லுக்குப் பயப்படாதவன் யார்?

கார் ஓடத் தொடங்கிய வாரமே நான் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் லயத்தில் இருந்து எங்கே போவதென்றாலும் முதலில் மலை முகடுவரை ஏற வேண்டும். முகட்டில் ஒரு முனியாண்டி கோயிலும் ஒரு தேநீர்க் கடையும் உண்டு. அங்கிருந்து மறுபக்கம் இறங்கினால்தான் தார் ரோடு. ஆஸ்பத்திரிக்கும் அதே வழிதான். முதல் கியரில் முக்கி முனகி ஏறினேன். முகட்டைத் தாண்டி இறங்கி, இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் நேராகத் தரைக்குப் போனது. மறுபடி மிதித்தேன். பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி இருந்தது. கை பிரேக்கைப் பலங்கொண்ட மட்டும் இழுத்து, காரை மலைப்பக்கத்துக் கானில் இறக்கி நிறுத்தினேன். மறுபக்கம் பார்த்தேன். கீழே தேயிலை, அதற்குக் கீழே ஓடை. என்னைப் பற்றி நினைக்கவில்லை. பின் சீட்டில் தங்கச்சி இருந்திருந்தால் என்றுதான் நினைத்தேன்.

ஃபோன் பண்ணி, மூத்தாரும் கணவரும் நடந்து வந்து சேர வெகுநேரம் ஆனது. மூத்தார் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். கல்லு மாதிரி நின்றது. காரைக் கானில் இருந்து எடுத்து, கீழே இறக்கி, மேலே ஏற்றிக் காட்டினார். எல்லா இடத்திலும் நின்றது.

“பிரேக்குல ஒரு கொறையும் இல்ல தம்பி. அந்தப் புள்ள பயத்துல கிளட்ச மிதிச்சிருக்கும்.”

முகட்டுக் கடையில் இருந்து வேடிக்கை பார்க்க இறங்கி வந்திருந்த ஆம்பிளைகள் சிரித்தார்கள். என் கணவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. கிளட்ச் எது, பிரேக் எது என்று கேட்டால் கண்ணாடியைக் காட்டுவார். அவருக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் வீட்டில் சமைக்கவில்லை. பசித்தால் அண்ணனிடம் போய் கிளட்ச் வாங்கிச் சாப்பிடுங்கள் என்றேன்.

அடுத்த வாரமும் அதே வளைவில் அதே கதை. நான் தயாராகவே போயிருந்தேன், அதனால் கை பிரேக்கில் நிறுத்திவிட்டேன். நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மிதித்தால், மறுபடி கல்லு. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? லயத்தில் அதற்குள் பேச்சு பரவிவிட்டது. டீச்சர் ஓட்டினா பிரேக் பிடிக்காது, பாஸ் ஓட்டினா பிடிக்கும். தங்கச்சியின் புருஷன் என் வாசலுக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, “அக்கா கோவிச்சுக்காதீங்க. நேரம் வர்றப்ப நான் லொறிக்கே சொல்லி வச்சிடவா?” என்று கேட்டான். அவன் நல்ல பையன். பெண்டாட்டி மேல் உயிர். அவன் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. “லொறின்னு சொன்ன, உன் வாயக் கிழிப்பேன்,” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்தார் தானே காரை முகடுவரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். திரும்பி வந்து வாசலில் நிறுத்தி, என் கணவரிடம் அறிக்கை வாசித்தார்.

“மேல வரைக்கும் போனேன் தம்பி. கடையில ஒரு பிளேன்டீ குடிச்சேன், வெத்தலையப் போட்டேன், அப்படியே அந்தப் பக்கம் இறங்கினேன். சொல்ற வளைவுல பத்து தடவ மிதிச்சுப் பாத்தேன். சும்மா கும்முனு நிக்குது. வண்டியில ஒண்ணும் இல்ல. ஓட்டுற ஆளுதான்.”

நான் குசினியில் இருந்தேன். அடுப்பில் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லில் என் புத்தி போய் நின்றது. பிளேன்டீ.

முகட்டுக்குப் போகிற எந்த ஆம்பிளையும் அந்தக் கடையில் பாலில்லாத பிளேன்டீ ஒன்று குடிக்காமல் இறங்குவதில்லை. லொறிக்காரன், பாஸ், கங்காணி, எல்லோரும் அங்கே வண்டியை நிறுத்துவார்கள். சீனியைக் கையில் கொட்டி நக்கிக்கொண்டு, ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துத்தான் இறங்குவார்கள். பொம்பளைகள் அந்தக் கடையில் உட்காருவதில்லை. நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை. ஏறிய சூட்டோடு அப்படியே இறங்குகிறவள் நான் ஒருத்திதான்.

முதல் கியரில் அவ்வளவு தூரம் ஏறினால் சைலன்சர் குழாய் கொதிக்கும். அதை உரசிக்கொண்டு போகிற பிரேக் குழாயில் ஒயிலும் கொதிக்கும். கொதித்தால் ஆவி. ஒயிலை அமுக்க முடியாது, அதனால்தான் அது பிரேக்கைத் தள்ளுகிறது. ஆவியை எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்கலாம். கால் தரைக்குப் போகிறது. நின்று ஆறினால் ஆவி மறுபடி ஒயிலாகிறது, பிரேக்கும் கல்லாகிறது. இவர்கள் ஒவ்வொரு தடவையும் காரை ஆறவைத்துவிட்டு, என் காலில் குறை கண்டுபிடித்திருக்கிறார்கள்!

அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

“மாமா, கார்ல ஏறுங்க. இப்ப என்கூட வாங்க. மேல ஏறி, நிக்காம, இறங்கிப் பாப்போம்.”

மூத்தார் என் கணவரைப் பார்த்தார். “தம்பி, நான் பின்னாடி உக்காந்துக்குறேன்னு சொல்லு.”

“பின்னாடி உக்காந்தா பிரேக் மிதிக்கிறது தெரியாது. முன்னாடிதான் உக்காரணும்,” என்றேன். “என் காலப் பாருங்க. நான் எதை மிதிக்கிறேன்னு பாருங்க. கிளட்சா பிரேக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் மறுத்தால் பயந்ததாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். முன் சீட்டில் ஏறி, கதவோடு ஒட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்தார். முகடு வந்ததும் கடைக்காரர் கையைக் காட்டி, “பாஸ், வாங்க வாங்க,” என்றார். மூத்தாரின் கை தன்னால் கதவுப் பிடிக்குப் போனது. நான் நிறுத்தவில்லை.

முதல் வளைவில் பிரேக் பாதி பிடித்தது. இரண்டாவது வளைவுக்கு முன்பே இரண்டாம் கியரில் போட்டு, இடது கையைக் கை பிரேக்கில் வைத்துக்கொண்டேன். பாதையின் மலைப்பக்கம் எங்கே மண் மேடாக இருக்கிறது என்று எனக்கு இப்போது மனப்பாடம். மிதித்தேன். கால் தரைக்குப் போனது.

“பாருங்க மாமா! எதை மிதிக்கிறேன் பாருங்க!”

அவர் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார். அவருடைய வலது கால் தானாக, ஒன்றுமே இல்லாத தரைத் தகட்டை ஓங்கி மிதித்தது.

“நிப்பாட்டு புள்ள! ஏய், நிப்பாட்டு!”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கை பிரேக்கை இழுத்து, காரை மண் மேட்டில் சாய்த்து நிறுத்தினேன். அவர் பக்கத்துக் கதவு மேட்டில் முட்டித் திறக்கவில்லை. என் பக்கமாக இறங்க வேண்டும் என்றால் நான் இறங்கி வழிவிட வேண்டும். நான் உடனே இறங்கவில்லை.

“கிளட்சா மாமா?” என்று கேட்டேன்.

அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. நான் இறங்கியதும் அவரும் இறங்கி, குனிந்து காருக்கு அடியில் கையை நீட்டினார். சுட்டுக்கொண்டு இழுத்தார். விரலை வாயில் வைத்து எடுத்தார். “குழாய மாத்தணும்,” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. தம்பி அங்கே இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். நானும் லீவு போட்டிருந்தேன். இந்தத் தடவை குழாயைப் பழையபடி வலது பக்கத்துக்கே கொண்டு வந்தார். ஆனால் சட்டத்துக்கு அடியில் இல்லை, உள்பக்கமாக, மேல் விளிம்பை ஒட்டி. அங்கே கல்லும் எட்டாது, சூடும் எட்டாது. வளைகிற இடத்தில் குழாய் நசுங்காமல் இருக்க ஒரு சுருள்கம்பிக்குள் விட்டு வளைத்தார். இரும்பில் உரசாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டிச் சுற்றி இறுக்கினார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அதுவே அவருக்குப் போதுமான தண்டனையாக இருந்தது. குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். என் கணவர் கடைக்குப் போயிருந்தார். நான் மிதித்தேன். அடியில் இருந்து குரல் வந்தது.

“மிதி. புடி. விடு. மிதி. புடி… இப்ப விடு.”

பிறகு முகடு ஏறி, நிற்காமல் இறங்கினோம். பல தடவை. எல்லா வளைவிலும் நின்றது.

அன்று மாலை வாசலில் ஆம்பிளைகள் கூடி விசாரித்தபோது மூத்தார் சொன்னார்: “சூட்டுல ஒயில் கொதிச்சிருக்குப்பா. இதெல்லாம் லேசுல புடிபடாது. ஓட்டிப் பாத்துதான் கண்டுபுடிச்சேன்.”

கண்டுபிடித்தாராம்! நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வாளியோடு அவர் தலையில் ஊற்றியிருப்பேன். ஆனால் எனக்கு அந்தக் கார் வேண்டும், தங்கச்சிக்கு மாதம் நிறைந்துவிட்டது, அவர் கையில்தான் ஸ்பானர் இருக்கிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். இதை எழுதும்போதும் அந்த வாளியைக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும் போலத்தான் இருக்கிறது.

வலி ஒரு பகல் நேரத்தில் வந்தது. நல்ல மழை. தங்கச்சியின் புருஷன் பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்தான். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவளைப் பின் சீட்டில் ஏற்றியிருந்தார்கள். மூத்தார் டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவருக்கு வேலையில்லை. “மழையா இருக்கு. நான் ஓட்டுறேன்,” என்றார்.

நான் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, சாவியைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் சுற்றி வந்து, யாரும் சொல்லாமலே முன் சீட்டில் ஏறினார்.

தங்கச்சியின் புருஷன் பின்னால் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். மலை ஏறினோம். கடை வந்தது, போனது. இறக்கத்தில் அந்த இரண்டாவது வளைவைத் திரும்பியதும், எதிரே கொழுந்து லொறி ஏறி வந்துகொண்டிருந்தது. பாதை ஒரு வண்டிக்குத்தான் அகலம். மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அதுதான் முறை. லொறிக்காரன் ஹோனை அடித்துக்கொண்டு வந்தான்.

பிரேக்கை மிதித்தேன். கார் அப்படியே நின்றது. சரிவில், மழையில், ஒரு அங்குலம் வழுக்கவில்லை.

“ஏன்க்கா நிப்பாட்டிட்டே?” என்று பின்னால் இருந்து தங்கச்சி அழுதாள்.

“சும்மா இரு. நீ அந்த லொறியில போக மாட்டே,” என்றேன்.

லொறி மறுபடி ஹோன் அடித்தது. நான் பின்னால் எடுக்கவில்லை. மூத்தார் கதவைத் திறந்து மழையில் இறங்கினார். லொறியின் முன்னால் போய் நின்று, பானட்டில் கையால் தட்டினார்.

“பின்னாடி எடு!”

“பாஸ், கொழுந்து இருக்கு. ஃபெக்டரியில காத்துக்கிட்டு இருக்காங்க.”

“கொழுந்து நிக்கட்டும்டா! எங்க வீட்டு டீச்சர் ஓட்டுது. உள்ள புள்ளத்தாச்சி இருக்கு. எடு பின்னாடி!”

லொறிக்காரன் என்னைப் பார்த்தான். பிறகு தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்து, கியரை மாற்றினான். லொறி முனகிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, அகலமான இடம்வரை பின்னால் போனது. மூத்தார் கையைக் காட்டிக் காட்டி அதைப் பின்னால் அனுப்பிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து வந்து ஏறினார்.

லொறியைக் கடக்கும்போது பார்த்தேன். பின்பலகை நிறையச் சாக்குகள், நனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக. அந்த மாதிரிச் சாக்குகளுக்கு நடுவில்தான் அம்மா கிடந்தாள், கொழுந்து இறங்கி முடியட்டும் என்று. நான் ஹோனில் கையை வைத்தேன். வழி ஏற்கெனவே விட்டிருந்தது, எதிரே வேறு வண்டி இல்லை, ஒரு தேவையும் இல்லை. தார் ரோடு வரும்வரை கையை எடுக்கவில்லை.